குன்னூர்ல நம்ம சின்ன நீச்சல் கிளப்: காசு கணக்கு பத்தி பெற்றோர் அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஒவ்வொரு அட்மிஷன் நேரத்துலயும் இதே கேள்விகள் போன்லயும் வாட்ஸப்லயும் குளத்து வாசல்லயும் வந்துட்டே இருக்கும். கிளப்போட ட்ரெஷரரா எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதிடறேன். கீழ வர்ற தொகை எல்லாம் கணக்கு புரியணும்னு ரவுண்ட் பண்ணி போட்டது, பைசா சுத்தமா பார்க்கணும்னா ஆடிட் ரிப்போர்ட் ஆபீஸ் ரூம்ல இருக்கு, வந்து புரட்டி பாருங்க.

லாபம் இல்லாத கிளப்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு ஃபீஸ்?

லாபம் இல்லன்னா செலவு இல்லன்னு அர்த்தம் இல்லீங்க. மிச்சம் வர்ற காசை யாரும் பங்கு போட்டு எடுத்துக்க முடியாது, அவ்ளோதான் அதோட அர்த்தம். நம்ம கிளப் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படி மாவட்டப் பதிவாளர்கிட்ட பதிவான சங்கம். குறைஞ்சது ஏழு பேர் சேர்ந்தா இப்படி ஒரு சங்கம் பதிவு பண்ணலாம், நிர்வாகக் குழுல மூணு பேராவது இருக்கணும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி கணக்கு வெக்கணும். தலைவர், செயலாளர், ட்ரெஷரர் யாருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்கறது கோச் ரெண்டு பேரும் லைஃப்கார்டும்தான், அவங்க வாங்கியே ஆகணும்.

மாசம் 1,400 ரூபாய் எப்படி வந்துச்சு?

குளம் நம்மளுது இல்ல, ஒரு ஸ்கூலோடது, அவங்க பசங்க யூஸ் பண்ணாத நேரத்துல மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கறோம். மாசம் சுமார் 60 மணி நேரம், மணிக்கு 600 ரூபாய்னு வெச்சா 36,000. தண்ணிய சூடு பண்ற கரண்ட் பில்லுல நம்ம பங்கு 22,000, இதுக்கு தனி மீட்டர் போட்டிருக்கு. ரெண்டு கோச்சுக்கு 32,000, லைஃப்கார்டுக்கு 12,000. குளோரின், ஆசிட், டெஸ்ட் கிட் இதெல்லாம் நம்ம பங்குக்கு 6,000. இன்சூரன்ஸ், ஆடிட்டர், பேங்க் சார்ஜ், ரிப்பேர்னு 4,000. கூட்டினா 1,12,000. பசங்க 80 பேர், வகுத்தா ஆளுக்கு 1,400. இதுக்கு மேல ஒரு ரூபாய் கூட வெக்கல.

அப்படி வெக்காததுக்கு சட்டத்துலயும் ஒரு காரணம் இருக்கு. விளையாட்டை வளர்க்கற நம்மள மாதிரி சங்கங்களை வருமான வரியில பொதுநல நோக்கம்னு ஒரு வகைல சேர்ப்பாங்க, அந்த வகைல இருக்கிறவங்க வியாபாரமா பண்ற வேலைல வர்ற வரவு மொத்த வரவுல 20 சதவீதத்தை தாண்டுச்சுன்னா அந்த வருஷத்துக்கு வரிவிலக்கு போயிடும். செலவுக்கு ஈடா, இல்ல அதுக்கு மேல கொஞ்சமா கட்டணம் வாங்கறது வியாபாரம் ஆகாதுன்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதனால ஃபீஸை அடக்க விலைலயே நிறுத்தி வெக்கறது நமக்கு பாதுகாப்பு.

பாதி ஃபீஸ், இலவசம்னு சில பசங்க வர்றாங்களே, அந்த காசு எங்க ஃபீஸ்ல இருந்தா போகுது?

இல்லீங்க. இந்த கேள்விய கொஞ்சம் தயங்கித்தான் கேப்பாங்க, ஆனா கேக்க வேண்டிய கேள்விதான். நீங்க கட்டற 1,400 உங்க பிள்ளைக்கு ஆகற செலவு மட்டும். 80 பேர்ல 60 பேர் முழு ஃபீஸ், 12 பேர் பாதி, 8 பேர் கட்டறதில்லன்னு வெச்சுக்கங்க, வரவு 92,400 தான் வரும், 19,600 துண்டு விழும். அந்த துண்டை அடைக்கறதுக்குன்னே உதவி நிதின்னு தனி அக்கவுண்ட் வெச்சிருக்கோம், அதுல நன்கொடையும் வருஷாந்திர நீச்சல் போட்டில வர்ற காசும் மட்டும்தான் போகும். வருஷத்துல 11 மாசம் ஓடறோம், அதனால வருஷத்துக்கு 2,15,600 ரூபாய் நாம வெளிய இருந்து திரட்டியே ஆகணும்.

இந்த கிளப் இருக்கறதே அதுக்குத்தான்னு நான் நினைக்கறேன். காசு இல்லாததால ஒரு பிள்ளை நீச்சல் தெரியாம வளரக்கூடாது. உலகத்துல வருஷத்துக்கு சுமார் 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கி சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2021க்கான கணக்கா சொல்லுது, அதுல பெரும் பங்கு குழந்தைங்களும் இளைஞர்களும். மலைல இருக்கோம், நமக்கென்ன ஆறா குளமான்னு சிலர் சொல்லுவாங்க. நம்ம பசங்க லீவு விட்டா மேட்டுப்பாளையம் இறங்கி பவானி ஆத்துக்குத்தானே போறாங்க, அந்த ஆத்துல தண்ணி திடீர்னு ஏறும்னு அங்க இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். எஸ்டேட் லைன் வீட்டு பையனும் ஆபீசர் வீட்டு பையனும் ஒரே ஆத்துலதான் இறங்குவாங்க.

யாருக்கு பாதி, யாருக்கு இலவசம்னு யார் முடிவு பண்றது?

குழுல மூணு பேர், அதுல ஒருத்தர் கண்டிப்பா பசங்கள நீச்சலுக்கு அனுப்பாதவர். ஒரு பக்க ஃபார்ம்தான், வருமான சர்டிபிகேட் கேக்கறதில்ல, ரேஷன் கார்டு காப்பி போதும். அந்த பேர் லிஸ்ட் மூணு பேரைத் தவிர யாருக்கும் போகாது, கோச்சுக்கும் தெரியாது. குளத்துல யார் எவ்ளோ கட்டினாங்கன்னு தெரியவே கூடாது, இதுல நாங்க ரொம்ப கறாரா இருக்கோம். பொதுக்குழுல எத்தன பேருக்கு எவ்ளோ குடுத்தோம்னு மொத்த கணக்கு மட்டும் சொல்லுவோம்.

மாசம் 1ம் தேதி கட்ட முடியல, தள்ளி கட்டலாமா?

கட்டலாம். தேயிலை வெச்சிருக்கிற குடும்பங்களுக்கு ஃபேக்டரில இருந்து இலை காசு மாசம் ஒரு தடவைதான் வரும், அதுவும் விலை இறங்கின மாசம்னா வீட்டு செலவுக்கே இழுபறி. அதனால கடைசி தேதி மாசக் கடைசி வரைக்கும். ரெண்டு மாசம் சேர்ந்து போச்சுன்னா நாங்களே கூப்பிட்டு பேசுவோம், பிள்ளைய நிறுத்த மாட்டோம். ஆனா பேசாம இருந்துடாதீங்க, எங்களுக்கு ஸ்கூல் வாடகை 5ம் தேதி கட்டியாகணும், யார் எப்ப தருவாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி சமாளிச்சுக்குவோம்.

கரண்ட் பில் ஏன் இவ்ளோ? கோயம்புத்தூர்ல இப்படி இல்லையே?

கோயம்புத்தூர்ல வெயிலே தண்ணிய சூடாக்கிடும். நம்ம ஊரு கடல் மட்டத்துல இருந்து 1,800 மீட்டர்கிட்ட, ராத்திரி குளிர்ல குளத்துத் தண்ணி சுலபமா 18 டிகிரிக்கு இறங்கிடும். போட்டிக்கு தண்ணி 25ல இருந்து 28 டிகிரிக்குள்ள இருக்கணும்னு விதி. கத்துக்கற சின்ன பசங்களுக்கு 28 இருந்தா நல்லது, ஒல்லியா இருக்கிற பிள்ளை 24 டிகிரில இருபது நிமிஷம் நின்னாலே உதடு நீலமாயிடும், அப்புறம் என்ன சொல்லிக் குடுத்தாலும் ஏறாது.

இப்ப கணக்கு பாருங்க. குளம் 15 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். தண்ணி 1,26,000 லிட்டர். இதை ஒரு டிகிரி ஏத்த சுமார் 146 யூனிட் சூடு வேணும். 18ல இருந்து 28க்கு பத்து டிகிரின்னா 1,460 யூனிட். நேரடி ஹீட்டர்ல போட்டு யூனிட் 9 ரூபாய்னு வெச்சா ஒரு தடவை சூடு பண்ணவே 13,000 ரூபாய்க்கு மேல. நாம யூஸ் பண்றது ஹீட் பம்ப், அது வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்து தண்ணிக்கு குடுக்கும், ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடு வரும்னு வெச்சுக்கலாம், அப்ப அதே வேலை 4,400க்கு முடியும். காத்து எவ்ளோ குளிரோ அவ்ளோ அதோட திறன் குறையும், அதனால ஹீட் பம்பை விடியக்காலைல ஓட்டாம மதியம் பன்னண்டுல இருந்து நாலு வரைக்கும் ஓட்டறோம்.

ராத்திரி குளத்தை மூடற கவரைப் போடலன்னு ஏன் வாலன்டியர்ஸ்கிட்ட அப்படி சத்தம் போடறீங்க?

குளத்துல சூடு போறதுல பெரும் பகுதி ஆவியாத்தான் போகுது. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாச்சுன்னா போறப்ப முக்கால் யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மியா சூட்டை கூட்டிட்டு போயிடும். நம்ம குளத்தோட பரப்பு 105 சதுர மீட்டர், ஆக ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணி இறங்கினா 105 லிட்டர் போச்சு, 70 யூனிட் சூடு போச்சு, ஹீட் பம்ப் கணக்குல 200 ரூபாய்க்கு மேல. படிக்கட்டு பக்கத்துல சுவத்துல ஒரு ஸ்டீல் ஸ்கேல் ஒட்டியிருக்கோம் பாத்திருப்பீங்க, ராத்திரி பூட்டறப்ப ஒரு ரீடிங், காலைல திறக்கறப்ப ஒரு ரீடிங், நோட்டுல எழுதணும். கவர் போட்ட ராத்திரி கோடு நகந்த மாதிரியே தெரியாது, போடாத ராத்திரி மூணு கோடு இறங்கியிருக்கும். அந்த மூணு கோடு 600 ரூபாய்ங்க, மூணு ராத்திரி சேர்ந்தா ஒரு பிள்ளையோட மாச ஃபீஸை தாண்டிடும். கவர் இழுக்க ரெண்டு பேர், அஞ்சு நிமிஷம். கடைசி பேட்ச் பேரன்ட்ஸ் யாராவது நின்னு கை குடுத்தா போதும்.

தண்ணிய ஏன் மாத்த மாட்டேங்கறீங்க? மாசம் ஒரு தடவையாவது மாத்தலாம்ல?

மாத்தணும்னா 6,000 லிட்டர் லாரி 21 லோடு வேணும். பிப்ரவரில இருந்து மே வரைக்கும் ஊருக்கே தண்ணி முறை வெச்சு விடறாங்க, ரேலியா அணை இறங்கிட்டே போறத பார்த்துட்டு குளத்துக்கு 21 லோடு கேக்கறது நியாயமே இல்ல. காசுக்காக மட்டும் சொல்லல, வீட்டுக்கு குடத்தோட நிக்கறவங்க முன்னாடி அப்படி பண்ணக்கூடாது.

மாத்தவும் தேவையில்ல. ஃபில்டர் ஓடணும், குளோரின் 1ல இருந்து 3 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தன பங்கு) இருக்கணும், பிஎச் (தண்ணியோட அமில கார அளவு) 7.2ல இருந்து 7.8க்குள்ள இருக்கணும், தினமும் டெஸ்ட் பண்ணி போர்டுல எழுதறோம். பிஎச் ஏறிடுச்சுன்னா எவ்ளோ குளோரின் கொட்டினாலும் வீண், 7.2ல போட்ட குளோரின்ல மூணுல ரெண்டு பங்கு கிருமிய கொல்ற வடிவத்துல இருக்கும், 8க்கு போச்சுன்னா கால் பங்கு கூட இருக்காது. பிஎச்சை இறக்கற ஆசிட்டுக்கு செலவு பண்றது குளோரின்ல மிச்சம் பிடிக்கத்தான். இன்னொன்னு, பசங்க இறங்கறதுக்கு முன்னாடி நல்லா ஷவர் எடுத்துட்டு வரணும், தலை எண்ணெயும் வேர்வையும் பவுடரும் குளோரினை தின்னுடும். கண்ணு எரியுதேன்னு குளோரின் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்லுவாங்க, பெரும்பாலும் அது குளோரின் வேர்வை மூத்திரத்தோட சேர்ந்து ஆகற குளோரமைன்.

கோச்தான் இருக்காரே, தனியா லைஃப்கார்டு எதுக்கு? மாசம் 12,000 மிச்சமாகும்ல?

இந்த ஒரு செலவை மட்டும் எந்த பொதுக்குழு சொன்னாலும் குறைக்க மாட்டோம். கோச் ஒரு பிள்ளையோட கைய பிடிச்சு ஸ்ட்ரோக் சொல்லிக் குடுக்கறப்ப அவர் கண்ணு அங்கதான் இருக்கும், இருக்கணும். மூழ்கற பிள்ளை சினிமாவுல வர்ற மாதிரி கத்தாது, சத்தமே இல்லாம அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துல உள்ள போயிடும். முழு குளத்தையும் பார்த்துட்டே இருக்கறதுக்குன்னு ஒரு ஆள் வேணும், போனை தொடாத ஆள்.

மழையில ரோடு போயிடுச்சு, கலெக்டர் லீவு விட்டுட்டாங்க, ஃபீஸ் திரும்பி வருமா?

ஐப்பசி கார்த்திகை மழைல மண் சரிஞ்சு மேட்டுப்பாளையம் ரோடு மூடறது இங்க வழக்கம்தான். ஒரு வாரத்துக்குள்ளன்னா குறைப்பு இல்ல. ஒரு வாரம் தாண்டினா அடுத்த மாச ஃபீஸ்ல கழிச்சுக்குவோம், ஆனா முழுசா இல்ல. குளம் திறக்காத நாளுக்கு ஸ்கூல் வாடகை வாங்கறதில்ல, கரண்டும் கம்மி, அந்த ரெண்டும் உங்களுக்கு திரும்பும். கோச் சம்பளமும் லைஃப்கார்டு சம்பளமும் அப்படியே ஓடும், மழைக்கு அவங்க என்ன பண்ணுவாங்க. ஜனவரி முழுசா மூடறோம், அந்த மாசம் ஃபீஸ் இல்ல. ஊட்டி அளவுக்கு இங்க உறைபனி விழலன்னாலும் சூடு பண்ற செலவு ஏறி வர்ற பிள்ளைங்க பாதியாகற மாசம் அது. சம்பளம் மட்டும் குடுத்துடறோம், அது கையிருப்புல இருந்து போகும்.

கையிருப்புன்னா எவ்ளோ? பேங்க்ல காசு வெச்சுக்கிட்டே எங்ககிட்ட கேக்கறீங்களா?

மூணு மாச செலவு, அதாவது 3,36,000 வரைக்கும் எஃப்டில வெக்கணும்னு எங்க இலக்கு, இன்னும் முழுசா சேரல. ஹீட் பம்ப் கம்ப்ரெஸர் போச்சுன்னா, ஸ்கூல் திடீர்னு ரெண்டு மாசம் ரிப்பேருக்கு மூடுச்சுன்னா கோச்சை இழந்துடக்கூடாது, மலைக்கு வந்து தங்கி சொல்லிக் குடுக்கற கோச் கிடைக்கறது லேசு இல்ல. வருமான வரி விதிப்படி வருஷ வரவுல 85 சதவீதத்தை நோக்கத்துக்கு செலவு பண்ணிடணும், 15 சதவீதம் வரைக்கும் காரணம் சொல்லாம சேர்த்து வெக்கலாம், அந்த வரம்புக்குள்ளதான் சேர்க்கறோம். சீட்டு, வட்டிக்கு விடறது, யாருக்கும் கைமாத்து குடுக்கறது எதுவும் கிடையாது.

ஃபீஸுக்கு வரிச்சலுகை கிடைக்குமா? நன்கொடைக்கு?

ஃபீஸுக்கு கிடைக்காது. அது உங்க பிள்ளைக்கு கிடைச்ச சேவைக்கு குடுத்த காசு, ஸ்கூல் டியூஷன் ஃபீஸ் கணக்குலயும் வராது. நன்கொடைக்கு கிடைக்கும், நமக்கு 12ஏ (சங்கத்துக்கு வரிவிலக்கு தர்ற பதிவு), 80ஜி (நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு தர்ற அனுமதி) ரெண்டும் இருக்கு. 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ல இருந்து, அதுல பிரிவு நம்பர் எல்லாம் வேற, ஆனா எல்லாரும் வாயில பழைய பேர்தான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதறேன். குடுத்த தொகைல பாதிக்கு கழிவு, உங்க வருமானத்தை வெச்சு அதுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா கழிவு இல்ல, யூபிஐ இல்ல செக்குல குடுங்க. புது வரி முறைல இருக்கிறவங்களுக்கு இந்த கழிவே கிடையாது, அத முன்னாடியே சொல்லிடறது நல்லது, அப்புறம் மனவருத்தம் வேண்டாம். பான் நம்பர் தவறாம குடுங்க.

ஜிஎஸ்டி போடறீங்களா?

இல்ல. நம்ம வருஷ வரவு 20 லட்சத்துக்கு கீழ, பதிவே தேவையில்ல. அதுக்கு மேல போனாலும் 12ஏ இருக்கிற அறக்கட்டளையோ சங்கமோ விளையாட்டு பயிற்சி குடுத்தா அந்த பயிற்சிக்கு விலக்கு இருக்கு. டி-ஷர்ட், நீச்சல் கண்ணாடி விக்கறதுக்கு அந்த விலக்கு பொருந்தாது, அதனால விக்கறதை சின்னதாவே வெச்சிருக்கோம்.

வெளிநாட்டுல இருக்கற என் தம்பி காசு அனுப்பலாமா?

அவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்து, சொந்த சம்பாத்தியத்துல இருந்து அனுப்பினா தாராளமா வாங்கலாம், பாஸ்போர்ட் காப்பி ஒண்ணு வேணும். வேற நாட்டு குடியுரிமை வாங்கிட்டார், ஓசிஐ கார்டுதான் இருக்குன்னா அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாம நாம ஒரு ரூபாய் கூட வாங்கக்கூடாது. நமக்கு அந்த பதிவு இல்ல. உங்க அக்கவுண்டுக்கு அனுப்பி நீங்க கட்டறேன்னும் சொல்லாதீங்க, அது சுத்தி வந்த அதே காசுதான், மொத்த கிளப்புக்கும் பிரச்சனை.

கம்பெனிங்ககிட்ட சிஎஸ்ஆர் (கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு செலவு பண்ற காசு) கேக்கலாமே?

கேட்டுட்டு இருக்கோம். கம்பெனி சட்டத்துல சிஎஸ்ஆர் செலவுக்கு அனுமதிச்ச வேலைகள்ல ஒலிம்பிக் விளையாட்டு பயிற்சியும் ஒண்ணு, நீச்சல் அதுல வரும். ஆனா வாங்கற சங்கத்துக்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர் காசு வாங்கறதுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு, மூணு வருஷ வேலை அனுபவம் எல்லாம் இருக்கணும். கம்பெனிங்க ஹீட் பம்ப், கவர் மாதிரி கண்ணுக்கு தெரியற பொருளுக்கு சட்டுனு குடுப்பாங்க, லைஃப்கார்டு சம்பளத்துக்கு குடுக்க யோசிப்பாங்க. நமக்கு வருஷா வருஷம் வேண்டியது சம்பளமும் கரண்டும். அதனால மாசம் 200, 500னு குடுக்கற ஊர்க்காரங்க முப்பது பேர் எனக்கு ஒரு பெரிய செக்கை விட முக்கியம்.

போட்டிக்கு சென்னை போற செலவு யாரோடது?

மாநில போட்டி வேளச்சேரி குளத்துல வெச்சாங்கன்னா ஸ்லீப்பர் கிளாஸ்ல நீலகிரி எக்ஸ்பிரஸ், ரெண்டு நாள் தங்கல், சாப்பாடு, என்ட்ரி ஃபீஸ். கோச் செலவு கிளப்போடது, பிள்ளை செலவு பெற்றோரோடது, முடியாதவங்களுக்கு உதவி நிதி. கூட வர்ற பெரியவங்க செலவை கிளப் ஏத்துக்காது.

காசை யார்கிட்ட குடுக்கறது? கோச் கைல குடுத்தா ஆகாதா?

வேண்டாம். கிளப் பேர்ல இருக்கிற க்யூஆர் கோடுக்கு மட்டும் போடுங்க, என் ஜிபேக்கோ தலைவர் ஜிபேக்கோ போடாதீங்க, கேட்டாலும் போடாதீங்க. ரொக்கம்னா ஆபீஸ்ல குடுத்து கையோட ரசீது வாங்குங்க. பேங்க்ல ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம காசு வெளிய போகாது. ஒருத்தருக்கு ஒரு நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுக்கறதில்ல, குடுத்தா அது வரி கணக்குல செலவாவே சேராது. குழுல இருக்கிறவங்களோ அவங்க சொந்தக்காரங்களோ கிளப்புக்கு எதாவது விக்கறாங்கன்னா அத மினிட்ஸ்ல எழுதி, மூணு கொட்டேஷன் வாங்கி, அவங்க இல்லாம மத்தவங்க முடிவு பண்ணனும். நிர்வாகிங்களுக்கு ஆதாயம் போச்சுன்னு வந்தா அந்த தொகைக்கு வரிவிலக்கு போயிடும்.

கிளப்பை ஒரு நாள் மூட வேண்டி வந்தா மிச்ச காசு யாருக்கு?

உறுப்பினர்களுக்கு ஒரு பைசா வராது, எனக்கும் வராது. கடன், சம்பள பாக்கி, முன்பணமா நீங்க கட்டின ஃபீஸ் எல்லாம் தீர்த்ததுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது இதே மாதிரி நோக்கம் உள்ள வேற ஒரு பதிவான சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ போகணும்னு நம்ம துணைவிதில எழுதியிருக்கு. கவர், ஸ்கேல், மிதவைங்க, டெஸ்ட் கிட் எல்லாமே அதுல சேர்த்திதான்.